டைப்பிங் டெஸ்ட் - மூணு மாசம், 38ல இருந்து 61

தினமும் இருபது நிமிஷம்னு ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு. முத நாள் 38 டபிள்யூபிஎம் (வேர்ட்ஸ் பெர் மினிட், நிமிஷத்துக்கு எத்தன வேர்டு), அக்யூரசி 89%. இதுல வேர்டுன்னா முழு வார்த்தை இல்ல, ஸ்பேஸும் சேத்து 5 கீ அடிச்சா ஒரு வேர்டுன்னு கணக்கு, அப்ப 38ன்னா நிமிஷத்துக்கு 190 கீ, அதுல கிட்டத்தட்ட இருபது தப்பு.

முத மாசம் சுத்தமா வீண். மங்கிடைப்ங்கற டைப்பிங் டெஸ்ட் சைட்ல 15 செகண்ட் டெஸ்டா எடுத்து தள்ளுனேன், ஒரு தடவ 50 வரும், அடுத்ததுலயே 35. ஸ்பீட மட்டும் பாத்தா தப்புதான் விரல்ல ஊறுது, பேக்ஸ்பேஸ் அடிக்கறதே ஒரு பழக்கமாயிடுது.

அப்பறம் தப்பா அடிச்சா அங்கயே நிக்கற மாதிரி செட்டிங் மாத்தி, டைமும் 60 செகண்ட் ஆக்கிட்டேன். 29க்கு இறங்கிடுச்சு, மனசு கஷ்டமா இருந்துச்சு. ஆனா அப்பதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, 'number'னு இங்கிலீஷ் வார்த்தை வந்தாலே ஒவ்வொரு தடவயும் தடுக்குது. மெதுவா அடிச்சு விரல பாத்தா, என், யு, எம் மூணும் வலது ஆள்காட்டி விரல்தான், அது சரி, ஆனா நான் பி-யையும் (B) அதே விரல்ல அடிச்சிட்டிருக்கேன்! வரிசையா நாலு எழுத்து ஒரே விரலுக்கு, அது எப்படி ஓடும்? பி இடது ஆள்காட்டிக்கு போகணும். இந்த ஒரு கீய மாத்தவே ரெண்டு வாரம் ஆச்சு, இடது கை போறதுக்குள்ள வலது கை முந்திக்கும். கீபிஆர்னு (keybr) இன்னொரு டைப்பிங் பழகற சைட்ல எழுத்து ஒண்ணொண்ணா சேத்து குடுக்கறதால இதுக்கு ரொம்ப உதவுச்சு. கீபோர்ட பாக்காம எஃப், ஜே மேல இருக்கற மேட்ட தடவி விரல வெக்கறதும் அப்பதான் படிஞ்சுது.

இப்ப 61, அக்யூரசி 97%. வேணும்னு ஸ்பீடு ஏத்தவே இல்ல, தப்பு குறைய குறைய தானா ஏறுச்சு.

ஆனா டெஸ்ட்ல வர்றது திரும்ப திரும்ப அதே 200 சின்ன வார்த்தைதான். கமா, ஃபுல்ஸ்டாப், கேபிடல், நம்பர் எல்லாம் ஆன் பண்ணேன், நேரா 44. வலது பக்க ஷிஃப்ட நான் தொட்டதே இல்லன்னு இப்பதான் தெரியுது. இடது கை எழுத்துக்கு வலது ஷிஃப்ட், இந்த வாரம் பூரா அது மட்டும்தான்.