எந்தக் கையால் சாப்பிடுவாய்?

யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் விடுதியில் தாதியாகச் சேர்ந்த புதிதில், ஒரு பிள்ளையின் கையைப் பிடித்தால் எனக்கு நாளம் மட்டும்தான் கண்ணில் படும். தெளிவாகத் தெரிந்தால் போதும், மருந்து ஏற்றும் மெல்லிய குழாயான கனுலாவை ஏற்றி, கை அசையாதபடி பலகை வைத்துக் கட்டிவிடுவேன். இரத்தப் புற்றுநோயுடன் வந்த இரண்டரை வயதுப் பொடியன் ஒருவனுக்கு வலது கையில் ஏற்றினேன். சில நாள் கழித்து மாற்றியபோதும் அதே கைதான் வசதியாக இருந்தது, எனக்கு. புட்டைத் தானே அள்ளிச் சாப்பிடத் தெரிந்த பிள்ளைக்கு அம்மம்மா ஊட்டத் தொடங்கினார். கட்டை அவிழ்த்த பிறகும் அவன் கையை நீட்டவில்லை, வாயைத்தான் திறந்தான்.

அவனது நோய்க்குக் கொடுத்த வின்கிறிஸ்டின் என்ற மருந்து கால் நரம்புகளைத் தளர்த்தும், பாதம் இழுபடும். கூடவே கொடுக்கும் ஸ்டீரொய்ட் மருந்து பசியையும் எரிச்சலையும் கூட்டும், அதைப் பெரியவர்கள் அடம் என்பார்கள். போதாததற்கு இரக்கப்பட்டு நாங்களும் அவனை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீளும். அதுவரை அவன் வாழ்ந்ததே அவ்வளவுதான். பிறந்தபோது கொடுத்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை அம்மா ஒவ்வொரு முறையும் கொண்டுவருவார். நாங்கள் நிறையைப் பார்த்தோம். எப்போது நடந்தான், என்ன பேசினான் என்ற பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை.

பிறகு கழுவித் துடைத்த பிளாஸ்டிக் பாயை நிலத்தில் விரித்தோம். வெள்ளணுக்கள் குறைந்த பிள்ளைகளுக்குத் துணிப் பொம்மை ஆகாது. ஆகவே கிண்ணங்களும் ஊசியில்லாத சிரிஞ்சும். அவன் தண்ணீரை இழுத்து என் முழங்காலில் "ஊசி" போட்டான். நோகிறதா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுகாலுக்குப் போனான். அடுத்தது, விடுதி பார்க்க வந்த வைத்தியரின் சப்பாத்து.

"ஊசி போடட்டுமா?" என்று கேட்பதையும் அவனால்தான் விட்டேன். வேண்டாம் என்றால் விடப்போகிறோமா? அம்மாவின் மடியிலா, கட்டிலிலா என்று கேட்கலாம். அவன் சொன்னபடி நடக்கவும் முடியும்.

இப்போது கட்டுமுன் எந்தக் கையால் சாப்பிடுவாய் என்று கேட்கிறேன். சென்ற கிழமை ஒரு சின்னப் பெண் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு காலை நீட்டினாள். நடை பழகிய காலில் கூடுமானவரை ஏற்றமாட்டோம் என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது?