கன்டினியூவஸும் கன்டினியூவலும்

இன்டர்னல் ஆடிட்டராக ஃபர்னஸ் (உலை) பிரிவுக்கு நான் கொடுத்த என்.சி.யை, அதாவது சொன்னதும் செய்வதும் பொருந்தவில்லை என்ற குறிப்பை, நானே மூடியது சரிதானா என்ற கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை. நடைமுறைப்படி அதில் குற்றம் காண முடியாது.

கன்டினியூவஸ் என்றால் இடைவிடாமல் நடப்பது. கன்டினியூவல் என்றால் நடுநடுவே நின்றாலும் மறுபடி மறுபடி நடப்பது. தர மேலாண்மைக்கான 2015-இன் ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலை தன் 10.3-ஆம் பிரிவில் முன்னேற்றத்துக்கு இரண்டாவது சொல்லையே வைத்திருக்கிறது; அதே ஆண்டின் சுற்றுச்சூழல் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 14001 பின்னிணைப்பில் இந்த வேறுபாட்டை விளக்கவே செய்கிறது. எங்கள் தரக் கொள்கைப் பலகையில் முதல் சொல் இருந்தது. இன்டர்னல் ஆடிட்டில் சுட்டிக்காட்டினேன், மாற்றினார்கள். எந்தத் தொழிற்சாலைதான் மூச்சு விடாமல் முன்னேறுகிறது?

அதே ஆடிட்டில், பாகங்களைச் சூடாக்கிக் கடினமாக்கும் ஹார்டனிங் ஃபர்னஸின் வெப்பநிலை ‘கன்டினியூவஸாக’க் கண்காணிக்கப்படுவதாக, எதை எப்படிக் கண்காணிப்பது என்று வகுக்கும் ஆவணமான கன்ட்ரோல் பிளான் சொன்னது. ஆனால் வெப்பநிலையைத் தானே பதிந்துகொண்டிருக்கும் ரெக்கார்டர் கிடையாது. நூலில் கட்டித் தொங்கிய பேனாவால் ஆபரேட்டர் மணிக்கொரு முறை 850, 852, 851 என்று எழுதிவந்தார். என்.சி. கொடுத்தேன். பதிலாக வந்தது ரெக்கார்டர் அல்ல, அந்தச் சொல்லை நீக்கி ‘மணிக்கு ஒரு முறை’ என்று திருத்திய புதிய ரிவிஷன். கையெழுத்திட்டேன்.

அருகில் நின்ற ஷிஃப்ட் சூப்பர்வைசர், “ஃபர்னஸ மாத்தச் சொல்வீங்கன்னு பார்த்தேன் சார், இங்கயும் வார்த்தையத்தான் மாத்துறீங்க” என்றார். கஸ்டமர் ரெக்கார்டர் கேட்கவில்லை, ஒவ்வொரு பேட்ச்சும் ராக்வெல் கடினத்தன்மைச் சோதனையில் தேறுகிறது என்றேன். “பேட்ச்சுக்கு அஞ்சு பீஸ்தானே சார் பார்க்கிறோம்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆவணம் நடப்பதைத்தான் சொல்ல வேண்டும், இல்லாததைச் சொன்ன சொல் போனது நல்லதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்; ஃபர்னஸைக் கட்டுப்படுத்தும் கருவியான கன்ட்ரோலர் வெப்பத்தை நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, பதிவு மட்டும்தான் இல்லை என்றும் வாதிட முடியும். ஆனால், பலகையில் சொல்லைத் திருத்தியபோது செய்கை ஏற்கெனவே சரியாக இருந்தது. ஃபர்னஸிலோ சொல்லைத் திருத்தியதனாலேயே செய்கை சரி என்றாகிவிட்டது. கன்ட்ரோல் பிளானை முதலில் எழுதியவர் பொருள் தெரியாமல் அந்தச் சொல்லைப் போட்டாரா, என்றாவது ரெக்கார்டர் வரும் என்று நம்பிப் போட்டாரா என்பதை நான் விசாரிக்கவில்லை; விசாரிப்பது ஆடிட்டரின் வேலையா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.

ரெக்கார்டர் இப்போது முன்னேற்றத் திட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. கன்டினியூவல் முன்னேற்றத்தில் ஓர் இடைவெளி எவ்வளவு நீளலாம் என்று ஐ.எஸ்.ஓ. 9001 எங்கும் சொல்லவில்லை.