பார்க்காத நோயாளிக்கு நோய்ப் பெயர்

1964 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில் ‘ஃபேக்ட்’ என்ற பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்கு ஒரு கேள்வியை அஞ்சலில் அனுப்பியது: குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் அதிபர் பதவிக்கு உளவியல் ரீதியாகத் தகுதியானவரா? 2,417 பேர் பதில் போட்டார்கள். தகுதியில்லை என்றவர்கள் 1,189 பேர், தகுதி உண்டு என்றவர்கள் 657 பேர். போதிய விவரம் தெரியாமல் பதில் சொல்ல முடியாது என்றவர்கள் 571 பேர். அட்டையில் ஏறியது 1,189 மட்டும்தான். மனநல மருத்துவர்களான எங்கள் தொழிலின் முறைப்படி பதில் சொன்னவர்கள் அந்த 571 பேர்தான் என்பேன்.

தேர்தலில் தோற்ற கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டார். 1968-ல் நடுவர் குழு அவருக்கு நஷ்ட ஈடாக 1 டாலரும், தண்டனைத் தொகையாக 75,000 டாலரும் தரச் சொன்னது. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நெறிமுறையில் 7.3 என்ற பிரிவைச் சேர்த்தது. பொது வாழ்வில் இருக்கும் ஒருவரை நேரில் பரிசோதிக்காமலும், வெளியே பேச அவரிடம் உரிய அனுமதி வாங்காமலும் அவரைப் பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்லக் கூடாது. ‘கோல்ட்வாட்டர் விதி’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இதை வெறும் நாகரிகம் என்று நினைப்பவர்கள் எங்கள் துறையிலேயே உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பரிசோதனை இல்லாத இடத்தில் எங்கள் கணிப்புக்கு அடித்தளமே கிடையாது.

மேடையில் தலைவர் மூச்சுவிடாமல், தாவித் தாவிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேனியாவா, அதாவது மனம் அளவுமீறிக் கிளர்ந்தெழும் நோய்நிலையா? எதிரில் உட்கார்ந்திருந்தால் நடுவில் ஒரு கேள்வி போட்டுப் பார்ப்போம். பேச்சை நிறுத்துகிறாரா, நிறுத்தவே முடியவில்லையா என்பது அதில் தெரிந்துவிடும். மேடையில் யாரும் குறுக்கிடுவதில்லை; நாம் பார்ப்பதோ யாரோ வெட்டி ஒட்டிய 40 விநாடி. அடுத்து தூக்கம். மூன்று மணி நேரம்தான் தூங்குகிறாரா? பிரசாரத்தில் எல்லோரும் அப்படித்தான். அவ்வளவு குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லையா, இது எப்போது ஆரம்பித்தது, முன்பும் இப்படி வந்து போயிருக்கிறதா என்பதை வீட்டில் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும். பெயர் மறந்து தடுமாறுகிறார் என்றால் தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகள் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் மறதி நோய்ப் பக்கம் போக முடியும். ரத்தப் பரிசோதனையை டிவி வழியாகச் செய்ய முடியாது.

ஆளுமைக் கோளாறில்தான் அதிகம் சறுக்குகிறோம். தற்பெருமை சார்ந்த ஆளுமைக் கோளாறுக்கு ஒன்பது அடையாளங்கள். ஐந்து இருந்தால் போதும் என்று பட்டியலை வைத்து டிக் அடித்துவிடுகிறார்கள். அது இளமையிலிருந்தே தொடர வேண்டும், வாழ்க்கையின் பல தளங்களிலும் தெரிய வேண்டும், அவருக்கு வேதனையோ செயல்பாட்டில் குறையோ உண்டாக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை எழுதியவர்களில் ஒருவரான ஆலன் பிரான்சிஸ், டிரம்ப் விஷயத்தில் 2017-ல் இதையே சொன்னார்: மோசமான நடத்தை வேறு, மனநோய் வேறு. டிரம்பைக் கடுமையாக எதிர்த்தவர் அவர்.

அதே ஆண்டு வேறு சில நிபுணர்கள், ஆபத்து கண்ணுக்குத் தெரியும்போது எச்சரிப்பது எங்கள் கடமை என்றார்கள். அவர்கள் கவலை உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் எச்சரிக்கும் கடமை பற்றிய அமெரிக்கத் தீர்ப்பு, ஒரு மருத்துவரிடம் சிகிச்சைக்கு வந்தவரால் இன்னொருவருக்கு ஆபத்து வரும்போது பொருந்துவது. ஒருவர் பொய் சொல்கிறார், வன்முறையைத் தூண்டுகிறார் என்று சொல்ல டாக்டர் பட்டம் வேண்டாம். குடிமகனாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

நோய்ப் பெயரை வசையாக வீசும்போது அடி விழுவது நம் ஓபி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்மேல். 1972-ல் துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்காக மின்னதிர்ச்சி சிகிச்சை எடுத்தது வெளியே தெரிந்ததால், வேட்பாளரான 18 நாட்களிலேயே விலக நேர்ந்தது. செனட்டராக அவர் 1987 வரை வேலை பார்த்தார். நோய் இருந்தாலே தகுதி போய்விடும் என்ற கணக்கு அங்கேயே பொய்த்துவிட்டது.

தலைவர் ஒருவரின் மனநிலை பற்றிப் பேச டிவி சேனலிலிருந்து நமக்கு அழைப்பு வந்தால், ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேட்க வேண்டியவை உண்டு. நேரலையா, பதிவா? கீழே ஓடும் எழுத்தில் என்ன வரும்? நாம் பேசும்போது பக்கத்துக் கட்டத்தில் யார் படம் ஓடும்? பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். நாம் பொதுவாக மேனியாவை விளக்கிக்கொண்டிருப்போம், பக்கத்தில் தலைவரின் படம் ஓடிக்கொண்டிருக்கும்; நம் வாயால் சொல்லாத நோய்ப் பெயரை அந்தப் படம் சொல்லிவிடும். படம் போடமாட்டோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் பேசலாம். தர மறுத்தால், “அவரை நான் பரிசோதித்ததில்லை” என்ற ஒரு வரியோடு போனை வைத்துவிடலாம்.