ஆறு ஏக்கர் சோலை

போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்துக்குப் போகிற தார் ரோட்டில் ஒரு பாம்பு நசுங்கிக் கிடந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும், சுண்டுவிரல் பருமன். வால் முனை அரிவாளால் சீவியது போல மொட்டையாக இருந்தது. தொட்டால் சொரசொரவென்றது, ஈரமண் ஒட்டியிருந்தது.

பிள்ளைகள் இதை இருதலைப் பாம்பு என்று சொல்லிக் கல்லெறிவார்கள். விஷம் கிடையாது. மண்ணுக்குள்ளேயே கிடந்து மண்புழு தின்று வாழ்கிற கேடயவால் பாம்பு அது. அந்தக் குடும்பத்தில் ஓர் இனம் சேர்வராயன் மலையில் மட்டும்தான் உண்டு. 1863-ல் ஆங்கிலேய இயற்கையியலாளர் பெடோம் அதற்குப் பெயர் வைத்தார். இடையில் வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2014-ல்தான் மறுபடி தனி இனமாகப் பிரித்தார்கள்.

ரோட்டுக்கு ஒரு பக்கம் எங்கள் தோட்டம், மறுபக்கம் கோயில் காடு. சுமார் ஆறு ஏக்கர். யாரும் கத்தி வைப்பதில்லை. பாம்பு, பறவைகளுக்கு இடம் எங்கே என்று கேட்டால், “அதான் காடு இருக்கே” என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு உள்ளே நடந்து பார்த்தேன். முதலில் உன்னிச்செடிப் புதர். பிறகு காலடியில் நொறுங்குகிற சருகு. எண்பது தப்படி தாண்டிய பிறகுதான் மண் மெத்தென்று அமுங்கியது, மக்கின வாசனை வந்தது. இன்னும் நாற்பது தப்படி, மறுபக்க வெளிச்சம் தெரிந்தது. மறுபடி சருகு. அந்தப் பாம்புக்கு வேண்டிய ஈரமண் அந்த நடுத்துண்டு மட்டும்தான்.

பிரேசிலில் மனௌஸ் நகருக்கு வடக்கே அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய் 1979-ல் தொடங்கிய ஆய்வு இதைத்தான் பெரிய அளவில் காட்டியது. மாட்டுப் பண்ணைக்காகக் காட்டை அழித்தபோது 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளை விட்டுவைத்துக் கவனித்தார்கள். ஓரத்தில் வெயிலும் காற்றும் புகுந்து பெரிய மரங்கள் சாய்ந்தன. ஓரத்திலிருந்து நூறு மீட்டர் உள்ளேயும் அந்தப் பாதிப்பு தெரிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுரமான 100 ஹெக்டேரில் சுற்றிலும் நூறு மீட்டர் போனால் 64 ஹெக்டேர் மிஞ்சும். 10 ஹெக்டேரில் ஒன்றரை கூட மிஞ்சாது. ஒரு ஹெக்டேரில் ஒன்றுமே இல்லை. 100 ஹெக்டேர்த் துண்டிலேயே மரங்களுக்கு அடியில் தாழ்வாக வாழ்கிற பறவை இனங்களில் பாதி பதினைந்து ஆண்டுக்குள் போய்விட்டன.

எனக்கு ஆறுதல் தந்த செய்தியும் அதே ஆய்வில்தான் கிடைத்தது. வெட்டிய இடத்தில் இளங்காடு வளர விட்டபோது போன பறவைகளில் சில திரும்பி வந்தன. துண்டு எவ்வளவு பெரியது என்பதோடு, இரண்டு துண்டுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பதும் உயிர் பிழைப்பதைத் தீர்மானிக்கிறது. ஏற்காட்டில் அந்த நடுவில் இருப்பது பெரும்பாலும் நம் காப்பித் தோட்டங்கள்தான். நாவலும் பலாவும் அத்தியும் நிழல் தருகிற தோட்டம் பறவைக்கும் காட்டெருமைக்கும் வழி. வரிசையாக சில்வர் ஓக் மட்டும் நிற்கிற தோட்டத்தில் ஒரு அத்திப்பழம்கூட விழாது.

எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் நான்கு நாவல் மரங்களை எடுத்துவிட்டு சில்வர் ஓக் வைத்து மிளகு ஏற்றலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். மிளகு வருமானம் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்கும் தெரியும். அந்தப் பாம்பை இலையில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாலை ரொம்ப நேரம் பார்த்தார்.

“நாவல்லயே மிளகு ஏத்திக்கலாம் கண்ணு, கொஞ்சம் கிளை கழிக்கணும், அவ்வளவுதான்,” என்றார்.

ஆனியில் கொடி நட்டோம். இரண்டு மரத்தில் பிடித்திருக்கிறது.