ரிப்போர்ட் வரும்வரை

மார்ச் 3
காய்ச்சாத ஆட்டுப்பாலில் ஒரே பேட்சாக நான் செய்த பன்னிரண்டு சீஸில் ஐந்து, கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்துக்குப் போயாயிற்று. மீதி ஏழு.

மார்ச் 4
கொத்தனார் வந்து தரையைப் பார்த்தார். தண்ணீர் தேங்காமல் வாட்டம் வேண்டும், சுவரும் தரையும் சேருமிடத்தை வளைவாகப் பூச வேண்டும் என்று விதித் தாளைப் படித்துக் காட்டினேன். "இது பெரிய பால் கம்பெனிக்குப் போடுற தரைங்க" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? விதியில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஈரம் தேங்குகிற இடத்தில்தான் லிஸ்டீரியா குடியேறும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரிக் குளிரிலும் நிதானமாகப் பெருகுகிற கிருமி அது. வாட்டம் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் தரையை உடைத்துப் போட்டிருக்கும் நாட்களில் பாலை என்ன செய்வது? ஆடுகளிடம் லீவு சொல்ல முடியாது.

மார்ச் 6
ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 7
அந்த ஐந்தை விட்டு மனம் நகர மறுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2073/2005 விதியைத் தேடிப் படித்தேன். அங்கேயும் ஐந்துதான்: ஒவ்வொரு மாதிரியிலும் 25 கிராம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஒன்றில்கூட லிஸ்டீரியா இருக்கக்கூடாது. பேட்சில் பத்தாயிரம் இருந்தாலும் ஐந்து, பன்னிரண்டு இருந்தாலும் ஐந்து. பத்தாயிரம் செய்கிறவர்களுக்கு அது கணக்கிலேயே வராது, எனக்குக் கிட்டத்தட்டப் பாதி. ஆய்வகக் கட்டணமும் அப்படித்தான், பேட்ச் எவ்வளவு சிறியது என்று கேட்டுக் குறைக்கமாட்டார்கள்.

சரி, அந்த ஐந்து மாதிரியாவது எதையாவது நிரூபிக்கிறதா என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பெரிய பேட்ச் ஒன்றில் பத்துக்கு ஒன்று கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடுக்கிற ஐந்தும் சுத்தமாக வந்துவிட 59 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பாதிக்கு மேல்! இதற்காகவா ஐந்து சீஸை வெட்டிக் கொடுத்தேன்? தூக்கம் வரவில்லை.

மார்ச் 8
கொத்தனார் திங்கட்கிழமை வருவதாகச் சொல்கிறார். எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.

மார்ச் 9
எனக்கு முன்பே இந்த எரிச்சலைப் பட்டவர்கள் இருக்கிறார்கள், அதுவும் நாசாவில். 1960களில் விண்வெளி வீரர்களுக்குச் சாப்பாடு செய்த பில்ஸ்பரி கம்பெனிக்காரர்களுக்கு இதே தொல்லை. பாதுகாப்பானது என்று சோதித்து உறுதிப்படுத்தப் போனால் பேட்சின் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும், ராக்கெட்டில் ஏற்றக் கொஞ்சம்தான் மிஞ்சும். அதனால் கடைசியில் சோதிப்பதை நம்பாமல், செய்யும்போதே எந்தக் கட்டத்தில் ஆபத்து புகும் என்று பார்த்து அங்கே காவல் போட்டார்கள். ஹாசப் (HACCP) என்று ஓர் உணவுப் பாதுகாப்பு முறையைச் சொல்கிறார்களே, அது பிறந்த கதை இதுதான். சிறிய பேட்ச் செய்கிறவனின் கவலையிலிருந்து வந்த யோசனை! இன்றைக்கு அது என் மேசைக்கு வந்து சேரும்போது படிவமாகவும் பதிவேடாகவும் இருக்கிறது, கூடவே அந்த ஐந்தும் இருக்கிறது.

மார்ச் 10
திங்கள். கொத்தனார் வரவில்லை.

மார்ச் 11
அக்கா போனில், "சீஸ் அடுக்குற மரப்பலகையைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்டீல் வாங்கிடேன், ஒரு சண்டையாவது குறையும்" என்கிறாள். மாட்டேன். 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மரப்பலகையைச் சரியாகச் சுத்தம் செய்ய முடியாது என்று கிளப்பிவிட்டு, சீஸ்காரர்கள் போட்ட சத்தத்தில் சில நாளிலேயே பின்வாங்கியது. பிரான்சில் காம்டே சீஸ் இன்றும் ஸ்ப்ரூஸ் மரப்பலகையில்தான் மாதக்கணக்கில் முதிர்கிறது. பலகையில் ஏற்கெனவே வாழும் நுண்ணுயிர்ப் படலம் லிஸ்டீரியாவை வளரவிடாமல் தடுக்கிறது என்று அங்கே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அதற்காகக் கழுவாத பலகைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தேய்த்து, காயவைத்து, மறுபடி தேய்த்துக் கை வீங்கியிருக்கிறது.

மார்ச் 12
பதிவேட்டில் மூன்று கட்டம்: செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். கறப்பதும் நான், உறையவைப்பதும் நான், கழுவுவதும் நான். சித்தப்பா சரிபார்த்தவர் ஆனார். ஒப்புதல் அளிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆடு கையெழுத்துப் போட்டால் செல்லுமா?

மார்ச் 13
1985இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததைப் படித்தேன். மென்மையான சீஸ், லிஸ்டீரியா. 142 பேருக்கு நோய், 48 மரணம். பெரும்பாலும் கர்ப்பிணிகளும் அவர்கள் வயிற்றிலிருந்த, பிறந்த குழந்தைகளும்தான். நேற்று எழுதிய கிண்டல் பிடிக்கவில்லை.

மார்ச் 14
ரிப்போர்ட் இல்லை. போன் செய்தால் "ப்ராசஸில் இருக்கிறது" என்கிறார்கள்.

மார்ச் 15
பாலைக் காய்ச்சிவிட்டால் என்ன? 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் போதும், என் பாத்திரத்திலேயே முடியும். பச்சைப்பாலின் அந்த மணம் போய்விடும், அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்க்கிறேன். அவ்வளவுதான் என்று மனம் ஒப்பவில்லை. அமெரிக்காவில் 1949 முதல் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பச்சைப்பால் சீஸ் என்றால் குறைந்தது 60 நாள் முதிரவேண்டும். கெட்டியான சீஸுக்கு அது பொருந்தும், ஈரம் வற்றி உப்பு ஏறிவிடும். என்னுடையது மென்மையான ரகம். நாளாக ஆக மேல்தோலில் புளிப்பு குறைகிறது, லிஸ்டீரியாவுக்கு அதுதான் வசதி. காத்திருந்தால் ஆபத்து கூடுகிற சீஸுக்கும் காத்திருக்கச் சொல்கிற விதி.

சின்னவர்களுக்கு விலக்கு கொடுத்த இடமும் உண்டு. அதே நாட்டின் 2011 சட்டத்தில், ஆண்டு விற்பனை 5 லட்சம் டாலருக்குக் கீழே இருந்து, பாதிக்கு மேல் நேரடியாகவோ பக்கத்துக் கடை, உணவகங்களுக்கோ விற்றால் பல கட்டுப்பாடுகள் தளரும். நல்ல விஷயம்தான். ஆனால் கடைக்காரர் விலக்கு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார். அவருக்குச் சான்றிதழ் வேண்டும், சுவரில் மாட்ட.

மார்ச் 17
கொத்தனார் வந்தார்! மூலையை உடைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மார்ச் 18
ஐந்தும் சுத்தம். சித்தப்பா கைதட்டினார். நான் உட்கார்ந்து 59ஐப் பற்றி யோசித்தேன்.

மீதி ஏழில் இரண்டு இதற்குள் முதிர்ச்சி மீறி வழிய ஆரம்பித்துவிட்டன. விற்க ஐந்து.

மார்ச் 20
காலைப் பாலையும் மாலைப் பாலையும் சேர்த்து ஒரே பேட்சாகப் போடச் சொல்கிறார் சித்தப்பா. இருபத்துநான்கில் ஐந்து போனால் தாங்கும், கட்டணமும் ஒன்றுதான். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் மாலைப் பால் இரவு முழுக்கக் குளிரில் நிற்கும், காலையில் மறுபடி சூடாக்கவேண்டும், தயிர்க்கட்டி வேறு மாதிரி உறையும். ஒன்றில் கிருமி இருந்தால் இரண்டும் போகும். கறந்த சூட்டிலேயே, பாலை உறையவைக்கிற ரென்னெட்டைப் போட்டுவிடுவதுதான் இதுவரை என் பாதுகாப்பே. அதை எந்தப் படிவத்திலும் எழுதக் கட்டம் இல்லை. வெள்ளிக்கிழமை பாதிப் பாலில் மட்டும் சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம் என்றால், அதுவும் தனி பேட்ச், அதற்கும் ஐந்து