சனி ஞாயிறெல்லாம் கிரவுண்ட்லயேவா? பொண்ணை டிராவல் சாஃப்ட்பால்ல சேக்கறதா வேண்டாமா

கொஞ்ச நாளா எங்க வீட்ல வேற பேச்சே இல்லைங்க. பொண்ணை டிராவல் சாஃப்ட்பால் டீம்ல சேக்கறதா வேண்டாமா, இது ஒண்ணுதான். ஆகஸ்ட்ல ட்ரைஅவுட் (ஆள் எடுக்கற தேர்வு) போனோம், ரெண்டு டீம் கூப்பிட்டாங்க, ரெண்டு பேருமே 48 மணி நேரத்துல பதில் சொல்லுங்கன்னுட்டாங்க. வீடு வாங்கறப்போகூட எங்களை யாரும் இவ்ளோ அவசரப்படுத்தல. இங்க டாலஸ் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய பேர் இதே கேள்வியோட சுத்திட்டு இருக்காங்கன்னு தெரியும், அதனால எங்க வீட்ல ஓடின வாதத்தை அப்படியே எழுதிடறேன்.

தெரியாதவங்களுக்கு முதல்ல ரெண்டு வரி. ரெக் லீக்னா யார் வேணா பேர் கொடுக்கலாம், வீட்டுப் பக்கத்து கிரவுண்ட், யாரோ ஒரு பொண்ணோட அப்பாதான் கோச், எல்லாப் பிள்ளைக்கும் ஆட சான்ஸ் உண்டு, சீசன் முடிஞ்சா பீட்சா சாப்பிட்டு மெடல் மாட்டிட்டு வந்துடலாம். டிராவல், டெக்சஸ்ல செலக்ட்னும் சொல்வாங்க, அது வேற கதை. ட்ரைஅவுட் வச்சு பதினொண்ணு பன்னெண்டு பேரை எடுப்பாங்க, வாரத்துல ரெண்டு நாள் பிராக்டிஸ், அப்புறம் வீக்எண்ட்ல டோர்னமென்ட். அதை நடத்தறதுக்கு யூட்ரிப்பிள்எஸ்ஏ, யுஎஸ்ஏ சாஃப்ட்பால், பிஜிஎஃப்னு ஏகப்பட்ட அமைப்பு. சனிக்கிழமை பூல் கேம், அதாவது குரூப் மேட்ச், அதுல ஆடற லட்சணத்தை வச்சு ஞாயித்துக்கிழமை பிராக்கெட், நாக்அவுட் மாதிரி. தோத்துட்டா மத்தியானமே வீட்டுக்கு வரலாம், ஜெயிச்சுட்டே போனா சாயங்காலம் வரைக்கும் அங்கதான். நாலாவது மேட்ச் ஆரம்பிக்கறப்போ பாதி அப்பா அம்மா மனசுக்குள்ள என்ன வேண்டிக்கறாங்கன்னு வெளிய சொல்ல முடியாது.

நான் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடி வளந்தவன், சாஃப்ட்பால்னா பேஸ்பாலோட தங்கச்சின்னு மட்டும்தான் தெரியும். இவ ரெக்ல சேந்தப்போகூட பெருசா கண்டுக்கல. 2025 ஜூன்ல ஓக்லஹோமா சிட்டில பொண்ணுங்க சாஃப்ட்பால் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் ஃபைனல்ஸ், டெக்சஸ் யூனிவர்சிட்டியும் டெக்சஸ் டெக் யூனிவர்சிட்டியும் மோதினாங்க, மூணாவது மேட்ச் வரைக்கும் போய் டெக்சஸ் முதல் தடவையா கப் அடிச்சாங்க. எங்க ஹால்ல இவ சோபால உக்காரவே இல்ல, டெக்சஸ் டெக் பிட்ச்சர் (நம்ம பௌலர் மாதிரி) நிஜாரி கனடி கையைச் சுத்தறப்பெல்லாம் இவளும் டிவி முன்னாடி நின்னு கையைச் சுத்திட்டு இருந்தா. அன்னிலேருந்து பிட்ச்சிங் பைத்தியம்.

பிட்ச்சர் பொண்ணு வீட்ல இருந்தா அப்பாவுக்குன்னு ஒரு வேலை இருக்கு, பக்கெட் டாட்னு இங்க சொல்வாங்க. மூடி மேல மெத்தை வச்ச ஒரு பக்கெட்டைப் போட்டு அது மேல உக்காந்து பொண்ணு போடற பந்தைப் பிடிக்கணும். கேக்க ஈஸியா இருக்கும். 35 அடில இருந்து வர்ற பந்து கடைசி ரெண்டு அடில தரைல பட்டு எகிறி கணுக்கால் எலும்புல விழும் பாருங்க, அப்போ கத்தவும் கூடாது, கத்தினா அவ மெதுவா போட ஆரம்பிச்சுடுவா. பல்லைக் கடிச்சுட்டு நல்லா இருக்கும்மா, இன்னொண்ணு போடுன்னு சொல்லணும். இப்போ இவ 12யூ (12 வயசு வரைக்கும் உள்ள பிரிவு) போறா, தூரம் 40 அடி ஆயிடுது, பந்தோட சுத்தளவும் 11 இன்ச்லேருந்து 12 இன்ச்சா பெருசாகுது. அந்த ஒரு இன்ச் சின்னக் கைக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு அவ விரலை நீட்டி நீட்டிப் பிடிச்சுப் பாக்கறதைப் பாத்தா புரியும்.

சரி, விஷயத்துக்கு வரேன். எதுக்கு டிராவல், ரெக்லயே ஆடலாமேன்னுதான் நான் முதல்ல சொன்னேன். அதுக்கு அவ சொன்ன பதில் எனக்குத் தோணவே இல்லாத ஒண்ணு. "அப்பா, நான் ஃபாஸ்டா போட்டா கேட்சர் விட்டுடறா, ரன்னர் ஓடிடறா, மெதுவா போட்டா அடிக்கறாங்க, நான் என்னதான் பண்றது?" யோசிச்சுப் பாத்தா உண்மைதான். ரெக்ல கேட்சர் கியர் மாட்டிட்டு உக்காந்து இருக்கறது அன்னிக்குக் கை தூக்கின ஏதோ ஒரு பொண்ணு, அதுக்குப் பந்தைப் பாத்தாலே பயம், பாவம், அது தப்பும் இல்ல. ஆனா பந்து பின்னாடி வேலி வரைக்கும் உருண்டு ஓடும், அதுக்குள்ள முதல் பேஸ்ல இருந்தவ ரெண்டாவதுக்கு, ரெண்டாவதுல இருந்தவ மூணாவதுக்கு. ஸ்ட்ரைக், அதாவது சரியான பந்து, போட்டும் ரன் போகுது. நல்லா ஆடறதே அவளுக்கு எதிரா திரும்புது. டிராவலுக்குப் போக உருப்படியான காரணம்னு எனக்குப் பட்டது இது ஒண்ணுதான், மத்தவங்க சொல்ற மீதி காரணம் எல்லாம் பெரியவங்க காரணம்.

பெரியவங்க காரணத்துல முதலிடம் காலேஜ் ஸ்காலர்ஷிப். ட்ரைஅவுட் வரிசைல நின்ன பாதி பேர் அதைத்தான் பேசினாங்க, பிள்ளைங்களுக்குப் பத்து பதினோரு வயசு. கனடிக்கு டெக்சஸ் டெக்ல பத்து லட்சம் டாலருக்கு மேல என்ஐஎல் டீல் (ஆட்டக்காரங்க பேரையும் முகத்தையும் பயன்படுத்தறதுக்குக் கொடுக்கற காசு)னு நியூஸ் வந்ததுலேருந்து இந்தப் பேச்சு இன்னும் ஜாஸ்தி. கொஞ்சம் கணக்கு பாக்கலாமே. டிவிஷன் ஒன், அதாவது காலேஜ் விளையாட்டுல மேல் மட்டம், அந்தக் காலேஜ்ல பல வருஷமா ஒரு சாஃப்ட்பால் டீமுக்கு 12 ஸ்காலர்ஷிப்தான், அதைத்தான் இருபது பேருக்குப் பிச்சுப் பிச்சுக் கொடுப்பாங்க. 2025லேருந்து அந்த ரூல் மாறி, காலேஜே ஆட்டக்காரங்களுக்கு நேரா காசு கொடுக்கலாம்ங்கற புது ஏற்பாட்டுக்குள்ள வந்த காலேஜ்களுக்கு 25 பேர்னு ரோஸ்டர் லிமிட் வந்திருக்கு, அத்தனை பேருக்கும் முழுசா கொடுக்கலாம்தான், ஆனா கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல. டிவிஷன் த்ரீல விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. நம்ம ஆளுங்க கனவு காணற ஐவி லீக்லயும் கிடையாது. அதுவும் போக டிவிஷன் ஒன் கோச் ஒருத்தர் பொண்ணுகிட்ட நேரா பேசணும்னாலே லெவன்த் கிரேடு செப்டம்பர் 1 ஆகணும். ஆறாங்கிளாஸ்ல இதுக்காக ஓடறவங்க அந்தக் காசை 529 அக்கவுண்ட்ல (காலேஜ் படிப்புக்கான சேமிப்பு) போட்டா நிம்மதியா தூங்கலாம், இது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க.

காசுன்னு சொன்னதும் அதையும் சொல்லிடறேன். முதல் டீம் வருஷத்துக்கு 2,400 டாலர் கேட்டாங்க, ரெண்டாவது டீம் 1,300. இது வெறும் ஆரம்பம். ஃபேஸ் கார்டு வச்ச ஹெல்மெட், ஃபீல்டிங் மாஸ்க், கிளீட்ஸ், பேட் பேக், பிட்ச்சிங் லெசன் அரை மணி நேரத்துக்கு 50 டாலர். வெளியூர் டோர்னமென்ட்னா ஸ்டே டு ப்ளேன்னு ஒரு கூத்து, அவங்க கை காட்டற ஹோட்டல்லதான் ரூம் போடணும், நம்ம பாயின்ட்ஸ் இருக்குன்னு வேற ஹோட்டல் போட முடியாது. அப்புறம் சொந்தப் பிள்ளை ஆடறதைப் பாக்க கேட்ல நமக்கு டிக்கெட் வேற. பார்க்கிங்குக்கும் சில இடத்துல வாங்கறாங்க.

ஆனா எங்க வீட்ல காசு ரெண்டாவது பிரச்சினைதான், முதல் பிரச்சினை சனி ஞாயிறு. ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளி இருக்கு, சனிக்கிழமை பாட்டு கிளாஸ், ஃபால் பால்ங்கற இலையுதிர் கால சீசன் நடக்கற செப்டம்பர் அக்டோபர்லதான் நவராத்திரி கொலுவும் வரும், யாராவது கூப்பிட்டுட்டே இருப்பாங்க. காலைல எட்டு மணி மேட்ச்னா ஏழு மணிக்கு வார்ம்அப், ஆறு மணிக்குக் கிளம்பணும், ஒரு மேட்ச் ஒண்ணேகால் மணி நேரம், அப்புறம் மூணு மணி நேரம் சும்மா கனோபி அடில கூலரைச் சுத்தி உக்காந்திருக்கணும், மறுபடி மேட்ச். ஜூன் ஜூலைல டெக்சஸ் வெயில் நூறு டிகிரி தாண்டும். சின்னவன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கு சாஃப்ட்பால்ல ஒரு இன்ட்ரெஸ்டும் இல்ல, அவனோட வீக்எண்டும் சேந்துதான் போகுது, அவனை யாரும் ட்ரைஅவுட்ல கேக்கல. திருச்சில இருந்து எங்கம்மா வீடியோ கால்ல "ஏன்டா, பாட்டு கிளாஸை நிறுத்திட்டு பந்து போட அனுப்பறியா?"ன்னாங்க, அடுத்த வாயிலயே "அந்த மேட்சை நான் இங்க ஃபோன்ல பாக்கலாமா?"ன்னும் கேட்டாங்க. பாக்கலாம்மா, கேம்சேஞ்சர் ஆப்ல லைவா வரும், மத்தியான மேட்ச்னா உங்களுக்கு நடு ராத்திரி ஆகும்னேன்.

உடம்பு விஷயம் எனக்கு நிஜமாவே கவலை. அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2016ல சொன்னது, 15, 16 வயசு வரைக்கும் ஒரே விளையாட்டுன்னு குழந்தையைக் கட்டிப் போடாதீங்க, வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் ரெஸ்ட் குடுங்க, வருஷத்துல மொத்தமா மூணு மாசம் அந்த விளையாட்டை விட்டு இருக்கட்டும், சேந்தாப்ல இல்லன்னாலும் ஒவ்வொரு மாசமா பிரிச்சாவது. டெக்சஸ்ல குளிரே பெருசா இல்லாததால வருஷம் பூரா ஆடலாம், அதுதான் ஆபத்தும். லிட்டில் லீக் பேஸ்பால்ல 2007லேருந்து பசங்களுக்குப் பிட்ச் கணக்கு உண்டு, இத்தனை பந்துக்கு மேல போடக் கூடாதுன்னு. சாஃப்ட்பால்ல கை கீழேருந்து வருது, தோளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை, பல டோர்னமென்ட்ல அந்த மாதிரி எண்ணிக்கையே கிடையாது, நல்லா போடற ஒரே பொண்ணை சனி ஞாயிறு ரெண்டு நாளும் போட வைப்பாங்க. கையைச் சுத்திப் போட்டாலும் தோள் தோள்தானே.

அதனால ரெண்டு கோச்கிட்டயும் ஒரே கேள்வியைக் கேட்டேன், என் பொண்ணு ஒரு வீக்எண்ட்ல எத்தனை இன்னிங்ஸ் பிட்ச் பண்ணுவா? முதல் டீம் பெரிய ஆர்கனைசேஷன், ஒரே பேர்ல எல்லா வயசுக்கும் டீம் வச்சிருக்காங்க, ஹூஸ்டன், ஓக்லஹோமா, சம்மர்ல கொலராடோ. அந்த கோச் உழைச்சா வாய்ப்பு தானா வரும்னு நல்லா பேசினார், நம்பர் மட்டும் வரல. விசாரிச்சா ஏற்கனவே மூணு பிட்ச்சர் இருக்காங்க, அதுல ஒண்ணு அவரோட பொண்ணு. கோச் அப்பா சொந்தப் பிள்ளைக்கே சான்ஸ் கொடுக்கறதுக்கு டாடி பால்னு இங்க ஒரு கெட்ட வார்த்தையே இருக்கு, அவர் அப்படித்தான்னு நான் சொல்ல வரல, ஆனா நாலாவது பிட்ச்சர்னா கொலராடோ வரைக்கும் போய் பக்கெட் மேல உக்காந்து சூரியகாந்தி விதை கொறிச்சுட்டு வரணும், அதை நான் இங்கயே பண்ணுவேன். ரெண்டாவது டீம் பி லெவல், அதாவது டாப் லெவலுக்கு ஒரு படி கீழ, கோச் காலேஜ்ல ஆடின ஒரு லேடி, டீம்ல அவங்க பிள்ளை யாரும் இல்ல. அவங்க பட்டுன்னு சொன்னாங்க, "சனிக்கிழமை எல்லாரும் ஆடுவாங்க, உங்க பொண்ணு ரெண்டு மூணு இன்னிங்ஸ் போடுவா. ஞாயித்துக்கிழமை நான் ஜெயிக்க ஆடுவேன், அன்னிக்கு அவ உக்கார வேண்டி வரலாம், அதுக்கு அப்புறம் எனக்கு மெசேஜ் போடாதீங்க." எனக்கு அங்கயே மனசு சாஞ்சுடுச்சு. டோர்னமென்ட் மாசத்துக்கு ஒண்ணு இல்ல ரெண்டு, முக்கால்வாசி டாலஸ் ஃபோர்ட்வொர்த் சுத்தியே, நவம்பர் கடைசிலேருந்து ஜனவரி வரைக்கும் லீவு.

இதெல்லாம் நான் எக்செல் ஷீட்ல போட்டு மனைவிகிட்ட காமிச்சேன், பாத்துட்டு அவ கேட்டது ஷீட்ல இல்லாத ஒண்ணு. "ஃபீஸ் கட்டி, பேட் வாங்கி, லெசனும் கொடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை காலைல அவ மூணு தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆனா திரும்பி வர்ற கார்ல நீங்க வாயை மூடிட்டு வருவீங்களா?" எனக்கு உடனே ஆமான்னு சொல்ல வரல. கணக்கு பாக்கற ஆளு நான், போட்ட காசுக்கு என்ன வந்ததுன்னு தன்னால மண்டைக்குள்ள ஓடும், அது குழந்தைக்குத் தெரியாம இருக்காது. ட்ரைஅவுட் அன்னிக்கே பார்க்கிங்ல பாத்தோம், ஒருத்தர் கார் கதவைத் திறந்து வச்சுட்டு பொண்ணுகிட்ட முழங்கை எங்க இருக்கணும்னு ஆக்‌ஷனோட விளக்கிட்டு இருந்தார், அது ஜன்னல் பக்கம் திரும்பி ஷூ லேஸைக் கழட்டி மாட்டிக் கழட்டி மாட்டிட்டு இருந்துச்சு.

அதனால எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். கட்டற காசு சினிமா டிக்கெட் மாதிரி, போனது போனதுதான், திரும்ப எதுவும் எதிர்பாக்கக் கூடாது. கார்ல மேட்ச் பத்தி அவளா பேசினா பேசலாம், நானா ஆரம்பிக்கக் கூடாது. பிராக்டிஸுக்குக் கிளம்புன்னு நான் ஞாபகப்படுத்தவும் மாட்டேன், பக்கெட்டை எடுத்துட்டு வாங்கப்பான்னு அவதான் கூப்பிடணும், வாரக் கணக்குல கூப்பிடலன்னா அடுத்த வருஷம் ட்ரைஅவுட் கிடையாது. சின்னவனுக்கு மாசத்துல ஒரு வீக்எண்ட் முழுசா, அன்னிக்கு கிரவுண்ட் பக்கமே போகறதில்ல. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கும் பரீட்சைக்கும் வர மாட்டோம்னு கோச்கிட்ட சேரறதுக்கு முன்னாடியே சொல்லிட்டோம், பரவாயில்ல, ஆப்ல இப்பவே மார்க் பண்ணி வச்சுடுங்கன்னாங்க. முறுக்கிப்பாங்கன்னு நினைச்சேன், இல்ல. கத்தோலிக்கப் பிள்ளைங்களுக்கு கம்யூனியன், இன்னொரு பொண்ணுக்கு வயலின் ரிசைட்டல்னு ஏற்கனவே லிஸ்ட் இருந்துச்சு. பாட்டு கிளாஸ் டீச்சர் மட்டும் கொஞ்சம் முகம் சுளிச்சாங்க, புதன்கிழமை ஆன்லைன்ல மாத்திக்கிட்டோம்.

ஆக ரெண்டாவது டீமுக்கு சரின்னு சொல்லி டெபாசிட் கட்டியாச்சு, ஒரு வருஷத்துக்கு மட்டும். முதல் டீமுக்கு நன்றி சொல்லி மெசேஜ் போட்டேன், ஒரு தம்ஸ்அப் வந்துச்சு. இப்போ வீட்ல ஓடற அடுத்த பஞ்சாயத்து பேட். அவ கேக்கறது 400 டாலர் காம்போசிட் பேட், டீம்ல பாதிப் பேர்கிட்ட அதுதான் இருக்காம். ஏற்கனவே இருக்கற 29 இன்ச் பேட்ல டிசம்பர் வரைக்கும் ஆடுன்னு நான், பந்து பெருசாயிடுச்சுல்ல அப்போ பேட்டும் பெருசாகணும்லன்னு அவ, சினிமா டிக்கெட்னு சொன்னது யாருன்னு நடுவுல மனைவி. பழசா விக்கறவங்க யாராவது டாலஸ் பக்கம் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, 30 இன்ச், டிராப் 10 (நீள இன்ச்சுக்கும் எடை அவுன்ஸுக்கும் உள்ள வித்தியாசம்).