மதிப்பெண் தெரிவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

பாடம் முடிந்ததும் "இன்று என்ன கற்றுக்கொண்டீர்கள், எழுதுங்கள்" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது ஆசிரியர்களுக்கு மனப்பாடம். "பாடம் நன்றாகப் புரிந்தது டீச்சர்." "இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்." காகிதத்தில் வாங்கினாலும் கூகுள் ஃபார்மில் வாங்கினாலும் இதேதான் வரும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. திரும்பிப் பார் என்கிறோம், பார்ப்பதற்கு எதையும் கையில் கொடுப்பதில்லை.

திரும்பிப் பார்க்க இரண்டு விஷயங்கள் வேண்டும்: முன்பு என்ன நினைத்தேன், பிறகு என்ன ஆனது. இரண்டாவது விடைத்தாளில் இருக்கிறது. முதலாவது எங்கும் இருப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்த மறுகணமே "இது எனக்கு அப்பவே தெரியும்" என்று மனது கதையை மாற்றிவிடும். ஆகவே வகுப்பறையில் தொழில்நுட்பத்துக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, அந்த 'முன்பு' அழியாமல் பார்த்துக்கொண்டு, தேவைப்படும் நேரத்தில் அதை மாணவர் முன் எடுத்துவைப்பது. வீடியோ, அனிமேஷன், ஸ்மார்ட் போர்டு எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

இதற்கு மிக எளிதான இடம் அலகுத் தேர்வு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லவெட் பரப்பிய முறை ஒன்று உண்டு. தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே ஒரு சின்னப் படிவமும் கொடுப்பார்கள். அதில் மூன்று கேள்விகள்: எப்படித் தயாரானாய், எந்த மாதிரிப் பிழைகள் செய்தாய், அடுத்த முறை என்ன மாற்றுவாய். நம் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கும் கணக்குக்கும் இது அப்படியே பொருந்தும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு படி சேர்க்க வேண்டும்.

அந்தப் படி தேர்வு நடக்கும்போதே தொடங்குகிறது. ஒவ்வொரு விடையையும் எழுதி முடித்ததும், ஓரத்தில் மூன்று குறிகளில் ஒன்றைப் போடச் சொல்லுங்கள்: உறுதியாகத் தெரிந்தால் டிக், பாதி நம்பிக்கை என்றால் ஒரு கோடு, ஊகம் என்றால் கேள்விக்குறி. விடைத்தாளை ஒப்படைப்பதற்கு முன் முதல் பக்க மூலையில் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணையும் எழுதட்டும். ஐந்து படி அளவுகோல் வேண்டாம்; பெரும்பாலானவர்கள் நடுவில் உள்ள மூன்றைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே அதிகம் நடக்கும் கோளாறு, எல்லாக் கேள்விக்கும் கடைசி நிமிடத்தில் மொத்தமாக டிக் போடுவது. பாதி நேரம் ஆனதும் "இதுவரை எழுதியதற்குக் குறி போட்டாச்சா?" என்று ஒரு முறை கேட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்தக் குறிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? உறுதியாக நம்பிச் செய்த தவறு, சரியான விடையைக் காட்டியதும், ஊகமாகச் செய்த தவறைவிட நன்றாகத் திருந்துகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001இல் காட்டினார்கள். 'இது எப்படித் தப்பாகும்?' என்ற அதிர்ச்சி கவனத்தை இழுக்கிறது. அந்த அதிர்ச்சி வர வேண்டுமானால், உறுதியாக இருந்தோம் என்பதற்கு மாணவரின் கையெழுத்திலேயே சாட்சி இருக்க வேண்டும்.

தாளைத் திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணைத் தாளில் எழுதாதீர்கள். உங்கள் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும். தாளில் பிழை உள்ள வரியின் கீழ் கோடும், வேண்டுமானால் ஒரு சிறு குறிப்பும் போதும். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள்; மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எண்ணைப் பார்த்துவிட்டால் கண் அதற்கு மேல் நகராது. படிவத்தை நிரப்பி முடித்த பிறகு மதிப்பெண்ணைச் சொல்லலாம். ஒரு பாடவேளை தள்ளிச் சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை, முதல் முறை கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும், அவ்வளவுதான்.

இனி படிவம். பள்ளியில் ஹைடெக் லேப் (கணினி அறை) இருந்தால் அங்கே, இல்லையென்றால் வகுப்பில் இரண்டு மூன்று கைபேசிகளைச் சுற்றில் விட்டு வாங்கலாம். கூகுள் ஃபார்மில் முதல் கேள்வி வருகைப்பதிவு எண், டிராப்டவுனாக (விரியும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது). பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னால் ஒரே பிள்ளை ஒரு முறை இனிஷியலோடும், ஒரு முறை இல்லாமலும், ஒரு முறை ஆங்கிலத்திலும் எழுதும். பிறகு மூன்று தேர்வுகளை ஒப்பிடும்போது ஒரு மாணவர் மூன்று பேராகிவிடுவார். இரண்டாவது, எந்தக் கேள்வி எண்ணைப் பற்றி எழுதுகிறாய். டிக் போட்டும் தவறாகப் போன கேள்வியைத்தான் எடுக்க வேண்டும் என்று அங்கேயே எழுதிவிடுங்கள். அப்படி ஒன்றும் இல்லாதவர்கள் கோடு போட்டதிலிருந்து ஒன்றை எடுக்கட்டும். மூன்றாவது, பிழையின் வகை: கேள்வியைத் தவறாகப் படித்தேன், கருத்தே தெரியவில்லை, கருத்து தெரியும் ஆனால் இடையில் ஒரு படி தவறியது, நேரம் போதவில்லை. இந்தப் பட்டியலில் 'கவனக்குறைவு' என்ற தெரிவை வைக்கவே வைக்காதீர்கள். வைத்தால் வகுப்பில் பாதிப் பேர் அதில்தான் போய் விழுவார்கள், அதற்கு மேல் யோசிக்க மாட்டார்கள்.

மூன்றாவது கேள்வியின் பதிலைப் பொறுத்து அடுத்த பகுதிக்குப் போகும்படி அமைக்கலாம். அதற்கு அந்தக் கேள்வி ஒரே விடை தேர்வாகவோ டிராப்டவுனாகவோ இருக்க வேண்டும். பல விடைகளை டிக் செய்யும் வகையில் இந்த வசதி கிடையாது. கருத்தே தெரியாதவரிடம் "பாடநூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, கண்டுபிடித்துப் பக்க எண்ணை எழுது" என்று கேட்க வேண்டும். படி தவறியவரிடம் கேட்பது வேறு: "உன் விடையில் எந்த வரியில் தவறியது? அந்த வரியை அப்படியே எழுது. அது தப்பு என்று தேர்வு அறையிலேயே எப்படித் தெரிந்திருக்கும்?"

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் மொத்த முயற்சியும். ஓர் உதாரணம். 6 ஓம், 3 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில்; தொகுபயன் மின்தடை என்ன? 1/6 + 1/3 = 1/2 என்று சரியாகக் கூட்டிவிட்டு, தலைகீழாக்க மறந்து, அரை ஓம் என்று எழுதுவது பத்தாம் வகுப்பில் அடிக்கடி பார்க்கும் பிழை. சரியான விடை 2 ஓம். மாணவர் முதலில் எழுதுவது: "தலைகீழாக்க மறந்துவிட்டேன், இனி மறக்க மாட்டேன்." இது பயன்படாது, மறப்பது நம் கையில் இல்லை. கொஞ்சம் தூண்டினால், "பக்க இணைப்பில் விடை சிறிய மின்தடையைவிடக் குறைவாக வரணும்" என்று பாடநூல் விதியைச் சொல்வார். அதுவும் இங்கே காப்பாற்றாது: அரையும் 3ஐவிடக் குறைவுதானே. இன்னும் ஒரு படி போக வேண்டும். இரண்டுமே 3 ஓம் என்றிருந்தால் விடை 1.5. இங்கே ஒன்று 6, அதாவது கூடுதல் தடை. ஆகவே விடை 1.5க்கும் 3க்கும் நடுவில்தான் இருக்க முடியும். அரை ஓம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். இந்தச் சரிபார்ப்பு எந்த இரண்டு மின்தடைகளுக்கும் செல்லும்: விடை சிறியதன் பாதிக்குக் கீழே போகாது. இதை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டால் இன்னொரு சூத்திரம். தன் பிழையிலிருந்து மாணவரே எடுத்தால் அது அவருடைய கருவி.

படிவத்தில் சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கோப்பு ஏற்றும் கேள்வி வைத்தால் கூகுள் கணக்கில் உள்நுழைந்தால்தான் படிவம் திறக்கும். லேபில் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். விடைத்தாள் படம் வேண்டுமானால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற கட்டுப்பாடும் உள்நுழையச் சொல்லும், பொதுக் கணினியில் அதை அணைத்துவிடுங்கள். குறைந்தது 100 எழுத்து என்று எல்லை வைத்தால் "நான் நன்றாகப் படிப்பேன் நன்றாகப் படிப்பேன்" என்று நிரப்பி வரும். எல்லை வேண்டாம், வரியை எடுத்து எழுது என்ற கேள்வியே வெற்றுப் பேச்சைத் தடுத்துவிடும். சாட்ஜிபிடியில் எழுதி ஒட்டுவதற்கும் இதுவே மருந்து. "என் கற்றல் பயணத்தில் நான் உணர்ந்தது" என்று அது அழகாக எழுதித் தரும். 14ஆம் கேள்வியின் மூன்றாவது வரியில் இந்தப் பிள்ளை என்ன எழுதியது என்று அதற்குத் தெரியாது.

தமிழில் தட்டச்சு பலருக்குத் தடை. கைபேசியில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கை அழுத்திப் பேசச் சொன்னால் வேலை முடியும். ஆனால் ஓசை நிறைந்த வகுப்பில் அது பக்கத்து மாணவரின் பேச்சையும் சேர்த்து எழுதும். வராந்தாவுக்கு இருவர் இருவராக அனுப்புங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு இன்னும் எளிது, ஆனால் வகுப்புக் குழுவில் போடச் சொல்லாதீர்கள். முதல் பதிவு வந்ததும் அடுத்த முப்பதும் அதன் நகலாக வரும், தன் பிழையை எல்லோர் முன்னாலும் சொல்ல யாருக்கும் மனமும் வராது. தனியாக உங்களுக்கு அனுப்பட்டும். கைபேசி பெரும்பாலும் அப்பாவுடையது என்பதால் மாலை ஏழு மணிக்கு மேல்தான் வரும், அதற்கு ஏற்பக் கெடு வையுங்கள்.

மாணவர் கையில் எந்தச் சாதனமும் இல்லாத வகுப்புக்குப் பிளிக்கர்ஸ் அட்டை போதும். ஒவ்வொருவருக்கும் எண் உள்ள ஓர் அட்டை, எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே விடை. ஆசிரியர் தன் கைபேசியில் பிளிக்கர்ஸ் செயலியைத் திறந்து கேமராவை வகுப்பின் குறுக்கே நகர்த்தினால் யார் என்ன சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். 40 அட்டைத் தொகுப்பும் 63 அட்டைத் தொகுப்பும் இலவசமாக அச்செடுக்கக் கிடைக்கின்றன. பளபளப்பான லேமினேஷன் போட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காது. கெட்டி அட்டையில் ஒட்டினால் போதும். விரல் கறுப்புப் பகுதியை மறைத்தாலும் படிக்காது, ஓரத்தைப் பிடிக்கப் பழக்குங்கள்.

இதில் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் முறையைக் கையாளலாம்: முதல் வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிட வாதம், மறு வாக்கு. முதல் வாக்கின் முடிவைத் திரையில் காட்டிவிட்டால் விவாதம் செத்துவிடும், எல்லோரும் உயரமான பட்டைக்குத் தாவுவார்கள். சரியான விடை சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதம் வரை இருந்தால்தான் வாதத்துக்கு அர்த்தம்; அதற்குக் கீழே என்றால் மறுபடி நடத்த வேண்டும், மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். மறு வாக்கு முடிந்ததும், விடையை மாற்றியவர்கள் நோட்டில் ஒரு வரி: எந்தச் சொல் என்னை மாற்றியது?

படிவப் பதில்கள் கூகுள் ஷீட்டில் சேரும். எல்லாவற்றையும் படிக்க முயன்றால் ஒரு வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். கேள்வி எண் பத்தியை வடிகட்டி, ஒரே கேள்வியில் எத்தனை பேர் உறுதியாக நம்பித் தவறியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். எட்டுப் பத்துப் பேர் என்றால் பிழை பெரும்பாலும் நாம் நடத்தியதில் இருக்கிறது, ஆசிரியரும் திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் அது. மீதியில் நாளுக்கு ஐந்து பேருக்குப் பதில், ஒரு வரி. இந்தப் பதிவுக்கு மதிப்பெண் போடவே போடாதீர்கள், வளரறி மதிப்பீட்டிலும் (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) சேர்க்காதீர்கள். சேர்த்த நாளிலிருந்து பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்ததை எழுதத் தொடங்குவார்கள்.

பலர் விட்டுவிடும் படி கடைசியில் இருக்கிறது. அடுத்த தேர்வுக்கு முந்தைய நாள், ஷீட்டிலிருந்து வருகைப்பதிவு எண்ணையும் 'தேர்வு அறையிலேயே எப்படித் தெரிந்திருக்கும்' என்ற பதிலையும் மட்டும் தனித் தாளுக்கு நகலெடுத்து, அச்செடுத்து, வரி வரியாகக் கத்தரித்து அவரவரிடம் கொடுங்கள். 40 பேருக்கு இரண்டு ஏ4 தாள் போதும். பருவத்துக்கு இரண்டு தேர்வுக்கு மேல் இதைச் செய்ய வேண்டாம்; ஒவ்வொரு சிறு தேர்வுக்கும் கேட்டால் பழைய பதில்களே திரும்பி வரும்.